எட்டு அடி மௌனம்

ஈரோட்டில் மாலை ஆறரை மணிக்கு வெயில் மின்சாரம் முடியும். கால் மின்சாரம் தொடங்கும். அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருப்பவரை அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஊர் முழுக்க இருநூற்றுப் பன்னிரண்டு மிதிதளங்கள். பார்வைக்குச் சாதாரண சிமெண்ட் தரைதான். அடியில் மிதியை மின்சாரமாக்கும் படிகத் தகடுகள். ஒரு லட்சம் பேர் ஒரே நேரத்தில் மனசு வைத்து ஆடினால் ஆறு மெகாவாட் கிடைக்கும். ஊரின் விளக்கும் விசிறியும் அதில் தாராளமாக ஓடும். மின்கலம் செய்கிற உப்புகள் உலகத்தில் தீர்ந்துபோய், பகல் வெயிலைப் பிடித்து இரவுக்கு வைக்க வழியில்லாமல் ஆனபிறகு, மனிதக் காலைவிட நம்பகமான எரிபொருளை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. மிதிமின் கழகம் வந்ததிலிருந்து முப்பத்தெட்டு வருடமாக ஊரில் ஒருமுறைகூட மின்சாரம் போனதில்லை. அந்த எண்ணைக் கழக அலுவலக வாசலில் பித்தளையில் அடித்து வைத்து, ஆண்டுதோறும் மாற்றுவார்கள்.

ஆட வேண்டுமென்றால் பாட்டு வேண்டும். ஆகவே கழகத்தில் மின்மாற்றிப் பிரிவு, பராமரிப்புப் பிரிவு ஆகியவற்றோடு இசைப்பிரிவு என்று ஒன்றும் இருந்தது. அதன் உதவிப் பொறியாளர் மரகதம். வயது முப்பத்தொன்று. கோப்புகளில் கையெழுத்திடும்போதுகூட இடது காலால் தாளம் போடுகிற பெண்.

கழகத்தின் இசை விதிகள் நூற்றுப் பதினாறு பக்கம். நிமிடத்துக்கு நூற்றிருபது தாள அடிக்கு மேல் போகக் கூடாது, முதியோருக்கு மூச்சு வாங்கும். சோகம் கூடாது, கால் தளரும். பதினாலாம் விதிதான் எல்லாவற்றுக்கும் தலைமை: பாட்டில் எங்கும் மௌனம் கூடாது. பாட்டு நின்றால் கால் நிற்கும், கால் நின்றால் விளக்கு நிற்கும். இப்படி எல்லா விதிகளுக்கும் பொருந்தி வந்த பாட்டுகள் எல்லாம் ஒரே பாட்டாகவே இருந்தன. ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. தளத்துக்கு வந்தவர்கள் ரேஷன் வரிசையில் நிற்கிற முகத்தோடு மிதித்துவிட்டுப் போனார்கள். ஆறு மெகாவாட் நாலானது. விசிறிகள் யோசித்து யோசித்துச் சுற்றின.

தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த பாட்டு வெளியீட்டு நாளில் ஆறு மெகாவாட்டைத் தொட வேண்டும். இல்லையென்றால் ஈரோட்டு இசைப்பிரிவு மூடப்படும். பாட்டு சேலத்திலிருந்து வரும். மரகதம் பழையபடி அளவி வாசிப்புப் பிரிவுக்குப் போவாள். அங்கே அவள் நாலு வருடம் இருந்திருக்கிறாள். அடுத்தவர் வீட்டுச் சுவரில் இருக்கும் எண்ணை எழுதிக்கொண்டு வருகிற வேலை. அதற்கு மறுபடி போவதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது. அழுதுவிட்டு, பாட்டு செய்ய உட்கார்ந்தாள்.

இந்த முறை அவள் கழகத்தின் ஒலிக்கிடங்கைத் தொடவில்லை. பதிவுக்கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினாள். மஞ்சள் கிடங்கில் மூட்டையைத் தரையில் போடும்போது எழும் 'தொம்', அதுதான் அடித்தாளம். விசைத்தறிக் கூடத்தின் 'சடக் சடக்' அதன் மேலே. அலுவலகக் காட்சியறையில் கிடந்த பழைய மின்மாற்றியை ஒரு நிமிடம் ஓடவிட்டு அதன் உறுமலைப் பிடித்தாள். ஒலியை ஏற்றி இறக்கும் அலைப்பெட்டியில் போட்டு, சுருதியை இரண்டு படி கீழே இறக்கியபோது அது வயிற்றுக்குள் போய்ப் பேசியது. கிணற்று மோட்டார் ஒன்று திணறித் திணறி வேகம் பிடிக்கிற சத்தம் அவளுக்குப் பொக்கிஷமாகக் கிடைத்தது. பாட்டின் நாலாவது நிமிடத்தில் அந்த மோட்டார் ஏறிக்கொண்டே போகும். ஏறும், ஏறும், இதற்கு மேல் தாங்காது என்கிற இடத்தில் எல்லாம் நின்றுவிடும். எட்டு அடி மௌனம். பிறகு எல்லா மூட்டைகளும் ஒன்றாகத் தரையில் விழும். அந்த இடத்துக்கு இசைக்காரர்கள் 'இறக்கம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

செயற்பொறியாளர் நாச்சிமுத்து காதொலிப்பானைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கிற மனிதர். பித்தளை எண்ணைத் தினமும் கைக்குட்டையால் துடைப்பவர்.

"பாட்டு நல்லாத்தான் இருக்குது அம்மிணி. நடுவுல என்ன, பொட்டி நின்னு போச்சா?"

"நிக்கலீங்க சார். அது மௌனம். எட்டே அடி, நாலு விநாடிதானுங்க."

"நாலு விநாடி லட்சம் பேரு சும்மா நிக்கறதா?"

"நிக்கறதுக்கு இல்லீங்க சார், அப்புறம் குதிக்கறதுக்கு. ஊஞ்சல பின்னால இழுக்காம எப்படிங்க முன்னால விடறது?"

"ஊஞ்சல் நம்ம கழகத்துல வராது. பதினாலாம் விதி வருது. எடுத்துருங்க."

அவள் எடுக்கவில்லை. மறுநாள் கோப்பைத் திருத்தி அனுப்பினாள். பாட்டின் பகுதிகளை விவரிக்கும் பட்டியலில், மௌனம் என்ற இடத்தில் இப்படி இருந்தது: 'ஒலியளவு பூஜ்யத்தில் இசை, நான்கு விநாடி.' நாச்சிமுத்து அதை இரண்டு முறை படித்தார். பதினாலாம் விதியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்.

"இதுல மௌனம்னு எங்கயும் இல்லையே," என்று சொல்லி, பச்சை மையில் கையெழுத்திட்டார். கடமை தவறாதவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்தது சோதனை ஆட்டம். விதிப்படி நாற்பது ஊழியர்கள் கூட்ட அறையின் மிதிதளத்தில் ஆட வேண்டும். மின் அளவைக் காட்டும் வரைபடத்தில் எங்காவது பள்ளம் விழுந்தால் பாட்டு திரும்பிப் போகும். ஆனால் ஆடும் ஊழியருக்கு ஒரு சலுகை உண்டு: இரண்டாயிரம் மிதி முடித்தவர் அரை நாள் முன்னதாக வீட்டுக்குப் போகலாம். எல்லார் கணுக்காலிலும் மிதிமானி கட்டியிருந்தது. பாட்டு நாலாவது நிமிடத்துக்கு வந்தது, மோட்டார் ஏறியது, நின்றது. கண்காணிப்பாளர் ருக்மாங்கதன் மிதிமானியைக் குனிந்து பார்த்தபடி, "நானூத்திப் பத்து, பதினொண்ணு, பன்னெண்டு" என்று மிதித்துக்கொண்டே இருந்தார். நாற்பது பேரும் அப்படியே. பாட்டு நின்றதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. வரைபடம் கோடு போட்டதுபோல நேராக வந்தது.

"பள்ளமே விழல. சபாஷ்," என்றார் நாச்சிமுத்து.

மரகதத்துக்கு முகம் தொங்கிவிட்டது. மௌனம் யாரையும் தொடவில்லை, பாட்டு தோற்றுவிட்டது என்றே நினைத்தாள். நகரத்தின் சுழற்சேமியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பூமிக்கடியில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த இரும்புச் சக்கரம், கால்கள் ஓய்கிற இடைவெளியை நிரப்பும். லட்சம் பேரில் சிலர் வேர்வை துடைப்பார்கள், சிலர் செருப்பு மாட்டுவார்கள். அதற்கு அது போதும். அத்தனை பேரும் ஒன்றாக நின்றால் மூன்று விநாடி தாங்கும். மூன்றுதான். அத்தனை பேரும் ஒன்றாக நிற்பார்கள் என்று எந்தப் பொறியாளரும் கணக்குப் போட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, மஞ்சள் சந்தைத் திடல். பாட்டைச் செய்தவர் முதல் வெளியீட்டில் ஜனங்களோடு நின்று ஆட வேண்டும் என்பது கழகத்தின் வழக்கம். மரகதம் மேடையோரத்தில் நின்றாள். அருகே அளவுப் பலகையும் நாச்சிமுத்துவும். ஏழு மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு தளங்களிலும் ஒரே சமயத்தில் முதல் மூட்டை விழுந்தது.

தொம்.

மஞ்சள் கிடங்குக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நம்ம மூட்டைடா அது!" என்று ஒருவர் கத்தினார். தறிச் சத்தம் சேர்ந்ததும் ஒரு கூட்டம் விசில் அடித்தது. பலகையில் நாலு, நாலரை, ஐந்து. மூன்றாவது நிமிடத்தில் ஐந்தேமுக்கால். ரேஷன் வரிசை முகங்கள் காணாமல் போயிருந்தன. மரகதம் பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆட ஆரம்பித்தாள். மோட்டார் ஏறியது. கைகள் ஏறின. ஒரு லட்சம் பேர் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

மௌனம்.

யாருக்கும் மிதிமானி இல்லை, அரை நாள் சலுகை இல்லை. பாட்டைக் கேட்டு ஆடியவர்கள் பாட்டு நின்றதும் நின்றார்கள். ஒரு லட்சம் வலது கால்கள் அந்தரத்தில் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. சுழற்சேமி தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டு ஓய்ந்தது.

ஈரோடு இருண்டது.

திடல், பாலம், கடைவீதி, கருங்கல்பாளையம், ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம். ஒலிபெருக்கியும் போனது. வர வேண்டிய இறக்கம் வரவில்லை. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் வாழ்க்கையில் முழு இருட்டைப் பார்த்ததில்லை. ஒரு குழந்தை, "அம்மா, மேல என்னமோ நிறைய மின்னுது," என்றது.

"போச்சு," என்றது நாச்சிமுத்துவின் குரல். "முப்பத்தெட்டு வருசம் போச்சு அம்மிணி."

அளவி வாசிப்புப் பிரிவின் சாம்பல் நிற மேசை மரகதத்தின் கண்முன் வந்து நின்றது. ஆனால் அதைவிட அவளுக்குப் பொறுக்க முடியாதது வேறு: அந்த இறக்கத்தை யாரும் கேட்கவில்லையே. மௌனத்தின் கடைசி நாலு அடியை இருட்டில் தொண்டை கிழிய எண்ணினாள்.

"அஞ்சு! ஆறு!" பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். "ஏழு!" திடல் முழுக்கச் சேர்ந்தது. "எட்டு!"

குதித்தார்கள். இருபதாயிரம் பேர் ஒரே கணத்தில் தரையில் விழுந்தார்கள். தொம். வாயாலேயே தாளம் போட்டு இன்னொரு தொம். அடுத்த தெருவுக்கு அது காதில் விழுந்து, அங்கேயும் தொம். பதினோராவது விநாடியில் விளக்குகள் சிமிட்டின, பிடித்துக்கொண்டன, ஊர் முழுக்க வெளிச்சம் வந்தது.

அப்போது அந்தச் சத்தம் எழுந்தது.

"ஏஏஏஏய்ய்!"

கரண்ட் வந்ததும் தெருவே கூடிக் கத்துகிற அதே கத்தல். முப்பத்தெட்டு வருடமாக அதற்கு வேலையே இருந்திருக்கவில்லை. இருபது வயதுக்காரர்களுக்கு அதை யாரும் சொல்லித் தந்ததில்லை. இருந்தும் சுருதி பிசகாமல் வந்தது. கடைக்குள் இருந்தவர்கள் கத்தினார்கள், மாடியில் நின்றவர்கள் கத்தினார்கள். பாட்டுக்கருவி விட்ட இடத்திலிருந்து தானாகவே தொடர, எல்லா மூட்டைகளும் அந்தக் கத்தலின் மேலேயே விழுந்தன. மரகதம் திரும்பிப் பார்த்தாள். செயற்பொறியாளர் நாச்சிமுத்து இரண்டு கைகளையும் தூக்கி, "கரண்டு வந்துருச்சேய்ய்!" என்று குதித்துக்கொண்டிருந்தார். அவள் பார்ப்பதைக் கண்டதும் சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

பலகையில் ஒன்பது மெகாவாட். அதற்கு மேல் காட்டத் தெரியாமல் பலகை நின்றது.

திங்கட்கிழமை இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, இலக்கைத் தாண்டியதற்குப் பாராட்டு. மற்றொன்று, மின்தடைக்கு விளக்கம் கேட்டு. பித்தளை எண்ணைக் கழற்றிவிட்டுப் பூஜ்யத்தை மாட்டினார்கள். பராமரிப்புப் பிரிவு இரண்டாவதாக ஒரு பெரிய சுழற்சேமியை இறக்கியது; இனி ஊரே பத்து விநாடி நின்றாலும் விளக்கு அசையாது. வியாழக்கிழமை பாட்டை மறுபடி போட்டார்கள். மோட்டார் ஏறியது, நின்றது, ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. இறக்கம் வந்தது. யாரும் குதிக்கவில்லை. மூன்றரை மெகாவாட்.

மறுநாள் காலை அலுவலகத்தில் புகார் வரிசை வாசல் தாண்டி நின்றது. முதலில் நின்றது கருங்கல்பாளையத்து அம்மா ஒருவர். நாச்சிமுத்துவே புகார் ஏட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எத்தன மணிக்குங்க கரண்டு போச்சு?"

"போகவே இல்லீங்களே! அதுக்குத்தானுங்க வந்திருக்கறேன். பேரன் பேத்தியெல்லாம் கூட்டிட்டுப் போனேன். காத்துக் கெடந்ததுதான் மிச்சம்."

ஏட்டில் அதற்குக் கட்டம் இல்லை. அவர் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

தலைமையகம் கணக்குப் போட்டுப் பார்த்தது. தடை இருந்தால் ஒன்பது, இல்லாவிட்டால் மூன்றரை. வேறு வழியில்லாமல், தினமும் இரவு மணி சரியாக ஏழு நாலுக்குத் தடை என்று அறிவித்தது. ஜனங்கள் ஏழு மூன்றுக்கு வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்று, மரியாதைக்கு ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். ஐந்து மெகாவாட்டுக்கு மேல் ஏறவில்லை. நாச்சிமுத்து மரகதத்தைக் கூப்பிட்டார்.

"என்ன அம்மிணி பண்றது?"

"சொல்லிட்டுப் போனா அது என்ன கரண்டுங்க சார்? சொல்லாமப் போகோணும்."

அப்படித்தான் கழகத்தில் மின்தடைப் பிரிவு பிறந்தது. மரகதம் அதற்கும் பொறுப்பு. மின்தடையை ஒழிப்பதற்காகவே தொடங்கிய கழகத்தில், அதை முறையாக உண்டாக்கத் தெரிந்த ஒரே அதிகாரி அவள்தான். சேலத்திலிருந்து பயிற்சிக்கு ஆள் அனுப்பினார்கள். சில நாள் விளக்கு போகும், சில நாள் போகாது, சில நாள் இரண்டு தரம் போகும். ஊர் தினமும் எட்டு மெகாவாட்டுக்குக் குறையாமல் ஆடியது.

ஓய்வு பெறும் நாளன்று மாலை நாச்சிமுத்து திடலுக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்.

"எனக்கு மட்டும் சொல்லுங்க அம்மிணி. இன்னைக்கு உண்டா, இல்லையா?"

"எனக்கென்ன சார் தெரியும்?" என்றாள் மரகதம், கையில் இருந்த விசையைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

அவருக்குப் பின்னால் சுவரில் கழகத்தின் புதிய அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'இந்த வாரம் நகரில் முன்னறிவிப்பின்றி மின்தடை ஏற்படலாம். ஏற்படாத நாட்களில் பொதுமக்களுக்கு உண்டாகும் சிரமத்துக்குக் கழகம் வருந்துகிறது.'