நஸ்ரின் பிடுங்கிய கொம்பு

“இன்னைக்கு விட்டா அவ்வளவுதான், நஸ்ரின்! வடக்கே கிளம்பிடும்!” என்று அவசரப்படுத்தினாள் ரெஜினா.

படகு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்தது. அவர்கள் தேடி வந்தது குருவியளவே உள்ள ஓர் உள்ளான் பறவையை. அதன் மூக்கின் நுனி மட்டும் கரண்டி போல அகன்றிருக்கும். நான்கு நாட்களுக்கு முன் ரெஜினா அதைத் தொலைநோக்கியில் பார்த்தாள். பறவை பார்க்கும் நண்பர்கள் யாருமே நம்பவில்லை. “படம் எங்கே?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்தப் படத்தை எடுத்தே தீருவது என்று நீண்ட லென்ஸோடு வந்திருந்தாள் தோழி நஸ்ரின்.

“நான் காட்டுற எடத்துலதான் கால் வைக்கணும்! தரைதானேன்னு மிதிச்சா இடுப்பு வரைக்கும் உள்ள இழுத்துரும்!” என்று எச்சரித்தார் படகோட்டி காத்தமுத்து.

ஒரு சேற்றுத் திட்டின் ஓரத்தில் நஸ்ரின் இறங்கிப் படுத்துக்கொண்டாள். ரெஜினா படகிலிருந்தே மறுபக்கத்தைத் துழாவினாள். ஒரு மணி நேரம் போனது. கொசு பிடுங்கித் தின்றது.

அப்போது வந்தது அது! தத்தித் தத்தி, மூக்கைச் சேற்றில் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு! நஸ்ரின் கேமராவில் கண் வைத்தாள். ஆனால் படச் சட்டத்தின் நட்டநடுவே ஒரு கொம்பு நின்றது. அதன் உச்சியில் சிவப்புத் துணி வேறு.

யாரோ எதற்கோ நட்டது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ‘ரெண்டு நிமிஷம்தானே, திரும்ப நட்டுடலாம்’ என்று ஊர்ந்து போய்ப் பிடுங்கினாள், புதருக்குள் எறிந்தாள். பறவை மிரளவில்லை. கிளிக், கிளிக், கிளிக்! அது தத்திப் போன பக்கமெல்லாம் அவளும் ஊர்ந்தாள். கொம்பு மறந்தே போயிற்று.

“கிடைச்சிருச்சு!” என்று அவள் கூவிய கையோடு இன்னொரு கூவல் கேட்டது.

“யாராச்சும் வாங்களேன்! ஐயோ, உள்ள போறேனே!”

ஒரு பெண், இடுப்புக்கு மேல் சேற்றில் புதைந்து கைகளை வீசிக்கொண்டிருந்தாள். கையால் தடவி இறால் பிடிக்கும் செண்பகவல்லி. கழுத்தில் தொங்கிய ஓலைப் பறியிலிருந்து இறால்கள் துள்ளி விழுந்தன. அவளைச் சுற்றிக் கடல் தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

நஸ்ரின் திரும்பிப் பார்த்தாள். கொம்பு நின்ற இடம் அந்தப் பெண்ணுக்குப் பத்தடி தூரத்தில்தான் இருந்தது.

காத்தமுத்து படகை அருகே கொண்டுவந்து அதன் அடிப்பலகைகளைப் பெயர்த்தார். “நான் ஏறினா பலகையே அமுங்கிரும்...”

“நான் போறேன்!” என்றாள் நஸ்ரின். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பலகைகளை ஒன்றன் முன் ஒன்றாகப் போட்டு, மார்பால் ஊர்ந்தாள்.

“காலை உதறாதீங்கக்கா! பின்னால சாயுங்க!”

செண்பகவல்லியின் அக்குளில் இன்னொரு கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். கையைச் சேற்றுக்குள் விட்டு அவள் காலைச் சுற்றித் தோண்டினாள். காத்தமுத்துவும் ரெஜினாவும் இழுத்தார்கள். தண்ணீர் கழுத்தைத் தொட்டபோது ‘சளக்’ என்று சேறு பிடியை விட்டது.

படகில் ஏறி மூச்சு வாங்கிய பிறகு செண்பகவல்லி சொன்னாள்: “எங்க அடையாளக் கொம்பு காலையில அங்கதான் நின்னுச்சு. அதுக்கு இடது பக்கம்தான் கெட்டித் தரை. கொம்பக் காணாம தடுமாறிட்டேன்.”

“காத்து சாய்ச்சிருக்கும்,” என்றார் காத்தமுத்து.

நஸ்ரின் குனிந்து கயிற்றைச் சுருட்டினாள். படகு கரையை நோக்கி நகர்ந்தது. செண்பகவல்லி ஈர முந்தானையால் அவள் கன்னத்துச் சேற்றைத் துடைத்தாள். “நீ நல்லாயிருக்கணும் தங்கச்சி. என் உசுரக் காப்பாத்துன.”

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

“அக்கா, காத்து இல்லை. நான்தான் பிடுங்கினேன். படத்துக்கு மறைச்சுது.”

துடைத்த கை சட்டென்று விலகியது. ரெஜினா திகைத்துப் போய்ப் பார்த்தாள். செண்பகவல்லி திட்டவில்லை. பதறி எழுந்தாள்.

“அண்ணே, படகத் திருப்பு! எனக்குப் பின்னால நாலு பேரு வர்றாளுவ!”

காத்தமுத்து கழியை ஓங்கி ஊன்றினார். படகு சேற்றைத் தொடும் முன்பே நஸ்ரின் குதித்தாள். முள் கிழித்ததைக்கூடக் கவனிக்காமல் புதருக்குள் புகுந்து கொம்பைத் தேடினாள். எங்கே, எங்கே? இதோ! காட்டுக்குள் பெண்களின் பேச்சுச் சத்தம் நெருங்கியது.

“இன்னும் இந்தாண்ட! இன்னும் ஆழமா!” செண்பகவல்லி படகிலிருந்து கத்தினாள். நஸ்ரின் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுக் கொம்பை அழுத்தினாள்.

நான்கு பெண்கள் வரிசையாக வந்தார்கள். கொம்பைப் பார்த்து இடது பக்கம் ஒதுங்கிக் கரையேறினார்கள்.

“ஏண்டி, இவ்வளவு சேறு? யாரு இந்தப் புள்ள?” என்றாள் முதலில் வந்தவள்.

“கொம்பப் பிடுங்குனவ இவதான். என்னைச் சேத்துலேருந்து தூக்குனவளும் இவதான்,” என்றாள் செண்பகவல்லி.

நால்வரும் சேர்ந்து திட்டினார்கள். நஸ்ரின் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். பிறகு அதில் ஒருத்தியே குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

ரெஜினா சொன்னது உண்மை என்று அந்தப் படம் நிரூபித்தது. சிரித்தவர்களே கூப்பிட்டுப் பாராட்டினார்கள். “குறுக்கே ஒண்ணுமே இல்லாம எப்படி எடுத்தே?” என்று கேட்பவர்களுக்கெல்லாம் நஸ்ரின் கொம்புக் கதையை மறைக்காமல் சொல்கிறாள். பாதியிலேயே அவர்கள் முகம் மாறிவிடும். இருந்தாலும் கடைசிவரை சொல்லித்தான் முடிக்கிறாள்.