கொலைகாரனுக்கு ஒரு குரல் தேவை

"மனித குலத்தின் மகத்தான ஆயுதம் குரல். அது கல்லைக் கரைக்கும், ஆட்சியைக் கவிழ்க்கும்."

இப்படிச் சொன்னவர் கம்பீரம். லிஃப்டுகளில் 'கதவு மூடுகிறது' என்று சொல்வது அவர் குரல்தான். அதைத் தவிர எந்தக் கதவும் அவருக்குத் திறந்ததில்லை.

அவருடைய ஒலிக்கூடம் என்பது வீட்டின் பின்னறை. மூலையில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு கூண்டு. பீரோவை விடக் கொஞ்சம் பெரிது. ரெக்கார்டிங் பார்ப்பது அவர் மச்சினி. அன்று கூண்டுக்குள் நின்று, ஹெட்போனைச் சோதிக்க நேற்றைய டிராக்கை ஓடவிட்டிருந்தாள்.

ஹெட்போனில் ஓர் அலறல்!

"மாமா... இது வெண்கலம் சார் குரல் மாதிரி இருக்கே?"

வெண்கலம், கம்பீரத்தின் போட்டியாளர். ஓர் ஒலித்தொடரில் கொலைகாரன் வேடம் அவருக்குத்தான் கிடைத்திருந்தது. நேற்றிலிருந்து ஆளையே காணோம்.

டப்.

கூண்டுக் கதவு சாத்தப்பட்டது. சாவி திரும்பியது.

அவள் கதவை இடித்தாள். அசையவில்லை. செல்போன் வெளியே மேஜைமேல். காற்று ஏற்கெனவே புழுங்கியது.

கண்ணாடிக்கு அப்பால் கம்பீரம் தானும் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேஜை மைக்கின் முன் நிதானமாக உட்கார்ந்தார். அவள் ஹெட்போனில் அவர் குரல்.

"அலட்டிக்காத. தொண்டை கட்டிக்கும்."

"மாமா, விளையாடாதீங்க. டைரக்டர் லைன்ல இருக்காரு."

உண்மைதான். வெண்கலம் வராததால் அந்த வேடத்துக்கு மறுபடி குரல் தேர்வு. இயக்குநர் தன் அலுவலகத்திலிருந்து இணையம் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது எனக்குத் தெரியாதா?"

கம்பீரம் திரையில் மிக்ஸரைத் திறந்தார். மைக்குகளைச் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியோடு வந்த மிக்ஸர். தன் மைக், கூண்டு மைக் இரண்டுக்கும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை அடிவரைக்கும் இழுத்தார். அறை ஸ்பீக்கர் ஊமையானது. உலகமே ஊமையாகிவிட்டதாக அவர் முடிவு செய்தார்.

அவள் வாயைத் திறந்து... மூடிக்கொண்டாள்.

அந்த ஃபேடர்கள் ஸ்பீக்கருக்கு மட்டும். ரெக்கார்டிங் மென்பொருள், மிக்ஸரைத் தொடுவதற்கு முன்பே மைக்கிலிருந்து குரலை வாங்கிவிடும். வாங்கியதை அப்படியே இயக்குநருக்கும் அனுப்பிவிடும். மாமாவுக்குத் தலைபாடாகச் சொல்லியிருக்கிறாள். 'கலைஞனுக்கு எதுக்கும்மா பொத்தான் சமாசாரம்' என்பார்.

கத்தினால் ஒயரைப் பிடுங்கிவிடுவார். பேச வைக்க வேண்டும்.

"வெண்கலம் சாரை என்ன பண்ணீங்க?"

"ஒத்திகைக்கு வாடான்னு கூப்பிட்டேன். வந்தான். நீ நிக்கிற அதே எடத்துல நின்னான். அந்த ஹெட்போன் ஒயர்தான்..."

கழுத்தில் உரசிய ஒயரை அவள் பார்த்தாள். கழற்றவும் முடியாது. கழற்றினால் அவர் அடுத்து என்ன செய்யப் போகிறார் என்றே தெரியாது.

"என்னையும் அப்படியா மாமா? அக்காவுக்கு என்ன சொல்வீங்க?"

"சோகமா சொல்லுவேன். சோகம் எனக்கு நல்லா வரும்."

நேற்றைய டிராக்கை அழித்தார். ஃபேடர்களை மேலே ஏற்றினார். தொண்டையைச் செருமினார்.

"டைரக்டர் சார், ஆரம்பிக்கலாமா?"

"முடிஞ்சே போச்சே சார். முழுசா கேட்டேன்."

கம்பீரத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தப் பொண்ணு பிரமாதம். பயந்தா அப்படித்தான் பயப்படணும். நீங்கதான்... தப்பா எடுத்துக்காதீங்க சார். கொலை பண்ணவன் இப்படியா பேசுவான்? ஒரே செயற்கை."

போயிற்று. 'சரி சார், இன்னொரு டேக்' என்று அவர் சொன்னால் போதும், கதை முடிந்தது. அவளுடையதும்தான்.

கம்பீரம் எழுந்து நின்றார்.

"எதுய்யா செயற்கை?"

"கோவப்படாதீங்க சார். வெண்கலம் சார் பண்ணா ஒரு ஆழம் இருக்கும். உங்ககிட்ட—"

"அவன் எங்கய்யா பண்ணுவான்? என் கார் டிக்கில கெடக்கான். வாசல்லதான் வண்டி நிக்குது. ஆள அனுப்பிப் பாரு, செயற்கையா நெசமான்னு தெரியும்."

ஸ்பீக்கரில் வேறொரு போனில் எண் அழுத்தும் ஓசை.

"சார்..." இயக்குநரின் குரல் நடுங்கியது. "இப்ப நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. நிறுத்தாதீங்க. ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க."

கம்பீரம் சொன்னார். ஏற்ற இறக்கத்தோடு, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ஜீப் வந்து நின்றது கூட அவர் காதில் விழவில்லை. அவ்வளவு அக்கறையாக அவரை இதுவரை யாரும் கேட்டதில்லை.

கைவிலங்கு மாட்டும்போது, "கடைசி வரி எப்படி இருந்தது?" என்று கான்ஸ்டபிளிடம் கேட்டார்.

கூண்டைத் திறந்ததும் அவள் தரையிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். இன்ஸ்பெக்டர் தண்ணீர் கொடுத்தார்.

"தைரியமான பொண்ணும்மா நீ. எல்லாம் பதிவாகும்னு தெரிஞ்சுதான பேச வெச்ச?"

"ஆமா சார். மாமாவுக்கு மிக்ஸரே புரியாது. ஃபேடரை இழுத்தா எல்லாம் நின்னுடும்னு நெனச்சுட்டாரு."

"பலே. கோர்ட்டுக்கு வேணும், போடு கேப்போம்."

அவள் கணினிமுன் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

ரெக்கார்ட் பொத்தானை அவள் அழுத்தவே இல்லை.