முறுக்கும் பச்சைக் கால்மிதியும்

எங்கள் முறுக்கு மூன்றாம் மாடியில் முதல் ரேங்க். கீழே இறங்கினால் முட்டை மார்க். இந்தக் கொடுமையை நான் பத்தே நாளில் சரிசெய்தாக வேண்டியிருந்தது.

முறுக்கு எங்கள் நாய். வால் சுருண்டிருப்பதால் அந்தப் பெயர். 'அது, இது' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதனால் 'அவன்' என்றே சொல்கிறேன். என் பெயர் தாரிணி. ஐந்தாம் வகுப்பு. துபாயில், சத்வாவில் இருக்கிறோம்.

கோடையில் இங்கே தரையில் கால் வைக்க முடியாது. செருப்பு போட்ட நமக்கே சுடும். முறுக்குக்குச் செருப்பு ஏது? அதனால் விடியற்காலையில் ஐந்து நிமிடம் கீழே போய்விட்டு ஓடி வந்துவிடுவோம். பாடமெல்லாம் மாடியில்தான். எங்கள் வாசலுக்கு வெளியே ஏசி போட்ட நீளமான காரிடார் இருக்கிறது. அங்கே தினமும் அரை மணி நேரம் 'உட்கார்', 'இரு', 'வா' என்று மூன்று பாடம் நடத்தினேன். அவன் கரைத்துக் குடித்துவிட்டான். எதிர்வீட்டு ஹபீபுன்னிசா ஆன்ட்டி, தன் பையனைவிட இவன் சொன்ன பேச்சு கேட்கிறான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்.

நவம்பரில் வெயில் இறங்கியது. ஊரே வெளியே வந்துவிட்டது. அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் நான்கு குடும்பமாகச் சேர்ந்து பாலைவனத்தில் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்கலாம் என்று முடிவு செய்தார்கள். முறுக்கும் வருவான் என்று நான் சொல்லிவிட்டேன். முதலில் வெளியில் எப்படி இருக்கிறான் என்று பார்க்கலாம் என்றார் அப்பா. கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் கச்சா பார்க்கிங்குக்கு நீளக் கயிறோடு போனோம். கார்கள் நிறுத்துகிற வெறும் மணல் மைதானம் அது.

'உட்கார்' என்றேன். அவன் ஒரு பிளாஸ்டிக் பையை மோந்துகொண்டிருந்தான். 'வா' என்றேன். ஒரு பூனையைப் பார்த்து எதிர்ப்பக்கம் ஓடினான். கயிற்றோடு நானும் ஓடினேன். என் தம்பி ரிஷி விழுந்து விழுந்து சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை.

"இங்க பாரு தாரிணி. பாலைவனத்துல மணல் பைக்கெல்லாம் பறக்கும். கயிறு கை நழுவிப் போச்சுன்னா, கூப்பிட்ட உடனே இவன் திரும்பி வரணும். வரலைன்னா கூட்டிட்டுப் போக முடியாது. பத்து நாள் இருக்கு."

கூட்டிப் போகாவிட்டால் நாய் விடுதிதான். ஜூலையில் மதுரைக்குப் போனபோது மூன்று வாரம் அங்கேதான் விட்டிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் விலா எலும்பு தெரிந்தது. சாப்பிடவே இல்லையாம். முறுக்கை முதலில் வளர்த்தவர்கள் ஊரைக் காலி செய்யும்போது அவனைத் தெருவில் விட்டுவிட்டுப் போனவர்கள். நாங்களும் விட்டுவிட்டோம் என்று அவன் நினைத்திருப்பான். இன்னொரு தடவை அப்படி நினைக்க நான் விடமாட்டேன்.

மூன்று நாள் கத்தினேன். பிஸ்கட் காட்டினேன். கெஞ்சினேன். என் குரல் மாடிவரை கேட்கிறது என்றார் அம்மா. முறுக்குக்கு மட்டும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் லிஃப்டில் ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கதவு திறந்தது. முறுக்கு நேராக எங்கள் வாசலுக்குப் போனான். பச்சை நிறத் துணிக் கால்மிதியின் மேல் ஏறி, யாரும் சொல்லாமலே உட்கார்ந்து, எங்கே பிஸ்கட் என்பதுபோல என்னைப் பார்த்தான்.

எனக்குப் பொறி தட்டியது. நான் எப்போதும் அந்தக் கால்மிதியில் வைத்துத்தான் பாடம் நடத்தினேன். 'உட்கார்' என்றால் கால்மிதிமேல் உட்கார்வது. 'வா' என்றால் கால்மிதிக்கு வருவது. அவன் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறான். கீழே கால்மிதி இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் கால்மிதியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு கீழே போனேன். மணலில் விரித்து, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, 'வா' என்றேன். வந்தான். 'உட்கார்' என்றேன். உட்கார்ந்தான். நான் குதித்த குதியில் அவனும் குதித்தான். மாடியில் அம்மா, வாசலில் கிடந்த கால்மிதியைக் கூடவா திருடுவார்கள் என்று நாத்தூரிடம், அதாவது எங்கள் வாட்ச்மேனிடம், கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா வந்து பார்த்தார். "இவன் கால்மிதி பேச்சைத்தான் கேக்குறான். உன் பேச்சை இல்ல" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி.

யோசித்தேன். அன்று மாலையே கால்மிதியைப் பாதியாக மடித்து வைத்தேன். வந்தான். அடுத்த நாள் கால்வாசியாக மடித்தேன். வந்தான். அதற்குமேல் மடித்தால் தலையணைபோல் ஆகிவிட்டது. கத்தரிக்கோலை எடுத்தேன். அம்மா என்னைத் திட்டியதை இங்கே எழுதப்போவதில்லை.

சப்பாத்தி அளவுத் துண்டு. பூரி அளவுத் துண்டு. ஒவ்வொரு முறையும் துண்டைத் தரையில் வைப்பேன், பக்கத்தில் குந்துவேன், கூப்பிடுவேன். கார் ஹாரன் அடித்தாலும், ரிஷி வேண்டுமென்றே பந்தை உருட்டினாலும், முறுக்கு வந்தான். பத்தாம் நாள் துண்டு என் உள்ளங்கை அளவுதான் இருந்தது. அப்பா கூடவே நின்று பத்து முறை கூப்பிடச் சொன்னார். பத்து முறையும் வந்தான்.

"துண்டு தொலைஞ்சா என்ன பண்ணுவே?" என்றார்.

தொலைக்கவே மாட்டேன் என்றேன். சரி, வரட்டும் என்றார்.

சனிக்கிழமை காலை மணல்மேடுகளுக்கு நடுவே பெரியவர்கள் கூடாரம் அடித்தார்கள். நான் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கியதால் கயிறு ரிஷியிடம் இருந்தது. திடீரென்று மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு மணல் பைக் உறுமிக்கொண்டு ஏறியது. முறுக்கு மிரண்டு ஒரே இழு. கயிறு ரிஷியின் கையைவிட்டுப் போனது. முறுக்கு ஓடினான். மேட்டின்மேல் இன்னும் இரண்டு பைக்குகள் தெரிந்தன.

பாட்டில்களைப் போட்டுவிட்டு பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டேன். துண்டு இல்லை. நேற்றுப் போட்ட பேண்டில் இருந்தது. பேண்ட் சத்வாவில், வாஷிங் மெஷினில்.

துரத்தினால் இன்னும் ஓடுவான். அதனால் தினமும் செய்ததையே செய்தேன். மணலில் குந்தி உட்கார்ந்தேன். துண்டு வைக்கிற இடத்தில் என் கையை விரித்து வைத்தேன். கத்தவில்லை. காரிடாரில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டேன்.

"முறுக்கு, வா."

அவன் நின்றான். ஒரு காது மட்டும் திரும்பியது. பிறகு முழு நாயும் திரும்பியது. மணல் தெறிக்க ஓடி வந்தான். என் கையை மோந்து பார்த்தான். பச்சைத் துண்டைத் தேடினான். இல்லை என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தான்.

"உட்கார்" என்றேன்.

உட்கார்ந்தான், என் வலது பாதத்தின் மேல்.

அப்பா மூச்சு வாங்க ஓடி வந்து கயிற்றைப் பிடித்தார். துண்டு எங்கே என்று கேட்டார். வீட்டில் என்றேன். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"அப்போ உன் பேச்சைத்தான் கேட்டிருக்கான்" என்றார்.

முறுக்கு பதினெட்டுக் கிலோ. என் கால் மரத்துப் போய்விட்டது. இருந்தாலும் வெகு நேரம் நான் காலை எடுக்கவே இல்லை.