காயாத ஆரஞ்சு

காலையில் பர்பாங்க் கட்டடத்துக்குள் நுழைந்ததும் லொரெட்டாவின் மூக்கில் பெயிண்ட் வாடை ஏறியது. ஒரு காலத்தில் கார்ட்டூன் படங்களுக்குப் பெண்கள் தாள் தாளாக வண்ணம் தீட்டிய கூடம் அது. இப்போது அங்கே இருப்பதெல்லாம் கணினிகளும் ஆறிப்போன காபியும்தான்.

கணினியைப் போட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் டிஸ்க்குக்காகப் புதுப்பித்துக்கொண்டிருந்த பழைய கார்ட்டூன் படத்தில் நரிக்குட்டியின் மஃப்ளர் மறுபடியும் சிவந்து கிடந்தது. நேற்று மாலை ஆரஞ்சாக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். முந்தாநாளும் அதே கூத்துதான்.

"கிரேடி, என் மெஷினத் தொட்டியா?"

"தாயே, எனக்குச் சிவப்பும் ஆரஞ்சும் ஒண்ணுதான்," என்றான் அவளுடைய மேலாளன். "சாயங்காலம் டிஸ்க் அச்சுக்குப் போயாகணும். இல்லன்னா படத்தப் புடுங்கி வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

கீறலும் தூசியும் துடைத்துத் துடைத்துப் பிள்ளை மாதிரி வளர்த்த படம். அதை எவனுக்கோ தூக்கிக் கொடுப்பதா? அந்தக் காலத்தில் இங்கே தீட்டிய அசல் தாளை எடுத்துத் திரையோரம் பிடித்தாள். பளிச்சென்ற ஆரஞ்சு. தீட்டினவள் கையே சாட்சி சொல்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? மஃப்ளரை மாற்றினாள்.

வாடை நெருங்கி வந்தது.

அவள் கண்ணெதிரே ஆரஞ்சு மெல்லச் சிவந்தது. விசைப்பலகையில் அவள் கை படவே இல்லை.

தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். காதோரம் ஒரு பெண் குரல் கேட்டது.

"தாளப் பாக்காத. திரையப் பாரு."

லொரெட்டா திரும்பவில்லை. பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. "திரையத்தானே பாத்துட்டு இருக்கேன்," என்றாள்.

அந்தக் குரல் சொன்னது தியேட்டர் திரையை என்று அப்புறம்தான் உறைத்தது. மூலையில் அந்தக் காலத்தில் தியேட்டரில் ஓடிய படச்சுருள் ஒன்று பெட்டியோடு கிடந்தது. அசல் தாளே இருக்கும்போது அது எதற்கென்று இத்தனை நாள் தொடாமல் விட்டிருந்தாள். எடுத்து ஓட்டினாள்.

மஃப்ளர் ரத்தச் சிவப்பாக ஒளிர்ந்தது.

படச்சுருளில் ஏறும்போது நிறம் கனத்து, ஆரஞ்சு சிவப்பாகிவிடும். அது தெரிந்துதான் தாளைத் தீட்டிய பெண் ஆரஞ்சைக் கலந்திருக்கிறாள். அவள் தீட்டியது தியேட்டரில் உட்காருபவர்களுக்கு, தாளை உற்றுப் பார்ப்பவர்களுக்கு அல்ல. லொரெட்டாவுக்கு வெட்கமாக இருந்தது. சிவப்பை அப்படியே விட்டாள். வாடை அடங்கியது. சாயங்காலம் படம் அச்சுக்குப் போனது.

டிஸ்க் வெளிவந்ததும், மஃப்ளர் ஏன் சிவப்பென்று ரசிகர்கள் கரித்துக்கொட்டினார்கள். ஒஹாயோ மாநிலத்திலிருந்து மெர்ல் என்ற கிழவர் போனிலேயே பிடித்துக்கொண்டார்.

"அந்தப் படத்துத் தாள் ஒண்ணு எங்க வீட்டுச் சுவத்துல மாட்டியிருக்கு. இப்பக் கழட்டி டிவி பக்கத்துல புடிச்சிருக்கேன். நல்ல ஆரஞ்சு. கண்ண எங்க அடகு வச்சம்மா?"

"தாளப் பாக்காதீங்க ஐயா," என்றாள் லொரெட்டா அலுப்போடு. எத்தனை பேருக்குத்தான் விளக்குவது?

"அதத்தான் உன் பக்கத்துல இருக்கிற அம்மாவும் சொல்றாங்க."

"என் பக்கத்துல யாரும் இல்லையே."

 கிழவரின் குரல் இறங்கி வந்தது.

"ஏம்மா, இது எங்கப்பா காலத்துத் தாள். பெயிண்ட் ஏன் என் விரல்ல ஒட்டுது?"