பலகைக்குப் பின்னால் மலைதான்

மழை வலுத்த அன்று, ஒன்பது பேரும் சொல்லி முடித்த பிறகு, பத்தாவதாக ஒரு குரல் அதே வாக்கியத்தைச் சொன்னது.

"தி ரிவர் இஸ் ஃபார்" என்பதுதான் வாக்கியம். டீச்சர் சொல்ல, தரையில் சம்மணமிட்டிருந்த ஒன்பது துறவிகளும் திருப்பிச் சொன்னார்கள். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். அந்தப் பௌத்த மடத்துக்கு வரும் வெளிநாட்டு யாத்ரீகர்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஆங்கிலம் படிக்கிறவர்கள். அவர்கள் வாய் மூடியதும், ஈரத் துணியின் வாடையும் அணைந்த விளக்குத் திரியின் வாடையும் கலந்து கூடத்தில் தங்கியிருக்க, ஓட்டின் மேல் மழை ஒரு கணம் மூச்சு வாங்கியது. அந்த இடைவெளியில், அவளுடைய முதுகுப்பக்கம், கரும்பலகைக்குப் பின்னாலிருந்து, வாய் நிறையச் சோறு வைத்துக்கொண்டு பேசுவதைப் போல, "ரிவர்… ஃபார்" என்று குழறலாக வந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பலகை. அதன் விளிம்பில் சாக்பீஸ் வைக்கும் கட்டை. வேறொன்றும் இல்லை.

வகுப்பு முடிந்ததும் சாவிக்கொத்திடம் கேட்டாள். விருந்தினரைக் கவனித்துக்கொள்ளும் துறவிக்கு அவள் வைத்த பெயர் அது. இடுப்பில் இருபது சாவியாவது தொங்கும். துறவியாவதற்கு முன் கப்பலில் தமிழ்க்காரர்களோடு எட்டு வருடம் சமைத்தவர். தமிழில் முதலில் கற்றுக்கொண்டவை கெட்ட வார்த்தைகள்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

"பக்கத்து ரூம்ல யாராவது சேர்ந்து படிக்கறாங்களா?"

"எந்த ரூம் டீச்சர்? பலகைக்குப் பின்னாடி மலைதான். மலையைச் செதுக்கித்தான் அந்த ஒரு சுவரே."

"எனக்கு நல்லா கேட்டுச்சே."

அவர் சாவிகளைக் கையால் பொத்திச் சத்தமில்லாமல் செய்தார். "அந்தக் கூடத்துல நாங்க பேசறதே இல்ல. சும்மா உட்கார்ந்துட்டு வர்ற இடம். எத்தனை தலைமுறையாவோ அப்படித்தான். ஒழுகாத இடம் அது ஒண்ணுதான்னு உங்களுக்குக் குடுத்தோம்."

"ஏன் பேசக்கூடாதாம்?"

"யாரும் கேட்டதில்ல. கேட்டா பேசினதா ஆயிடுமே!"

அவளும் சிரித்தாள். எதிரொலியாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பத்தொன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தொண்டை வற்றப் பாடம் நடத்தியவள். கணவன் இறந்த பிறகு வீட்டில் பேச மகள் மட்டும்தான். மகளும் கல்லூரிக்குப் போய்விட்டால் இவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "நாலு மாசம் எங்கயாவது போய்ச் சொல்லிக்குடுத்துட்டு வாம்மா, கடைசி வாரம் நானும் வந்து கூட்டிட்டு வரேன்" என்று மகள்தான் விண்ணப்பம் போட்டு, தன் விசாவையும் சேர்த்து வாங்கி, அம்மாவைத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள். மகள் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டாள்.

அந்த மலையில் போன் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் கூடத்தின் ஜன்னல். தினமும் வகுப்பு முடிந்ததும் அங்கே நின்று மகளோடு அரைமணி நேரம் பேசுவாள். சித்தியின் குறட்டை, கல்லூரிக் கதை, எல்லாம் வரும்.

"சாப்பிட்டியாடி?"

"ஆச்சும்மா. உன் குரல் ஏன் கம்மியிருக்கு?"

"சாக்பீஸ் தூசிதான்."

"வெந்நீர்ல உப்பு போட்டுக் கொப்பளி. மறக்காத."

"சரிடி டாக்டரம்மா."

போனை வைத்தாள். ஈரக் கல்லின் குளிர்ச்சி கணுக்காலில் ஏறியது. கூடத்தின் மறுகோடியில், பலகைக்குப் பின்னால், யாரோ பதமாக நாக்கைச் சுழற்றிப் பார்த்துக்கொள்வது போன்ற ஒரு சத்தம்.

"சரிடி."

பிறகு, இன்னும் நிதானமாக, "சரிடி டாக்டரம்மா."

குழறல் இல்லை. பெண் குரல். பத்தொன்பது வருடமாக வகுப்பறைகளில் அவளே கேட்டுப் பழகிய குரல்.

அன்றிலிருந்து தினம் கொஞ்சமாக அவளுடைய குரல் தேய்ந்தது. உப்புநீருக்கும் கேட்கவில்லை, கஷாயத்துக்கும் கேட்கவில்லை. துறவிகள் மரியாதையாக முன்னால் சாய்ந்து கேட்டார்கள். வேறு இடம் தரச்சொல்லிக் கேட்டாள். மழை விடட்டும் என்றார்கள். ஐந்தாம் நாள் வாக்கியத்தைச் சொல்ல வாய் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றாள். காற்று.

"வீ ஆர் வெயிட்டிங்" என்றது பலகை.

ஒன்பது பேரும் அவளையே பார்த்தபடி, ஒரு துளி சந்தேகமில்லாமல், திருப்பிச் சொன்னார்கள்.

"வீ ஹேவ் வெயிட்டட் லாங்."

திருப்பிச் சொன்னார்கள். அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக் காட்டினாள். நான் இல்லை, நான் பேசவில்லை. அடுத்த வாக்கியம் வந்தது. துறவிகளில் மூத்தவர், சைகையும் பாடத்தில் சேர்த்தி என்று நினைத்து, தன் வாயையும் பொத்திக்கொண்டு சொன்னார்.

அவள் ஓடினாள்.

ஒன்பது நாள் காய்ச்சல். விருந்தினர் அறையில் கட்டிலை விட்டு எழவில்லை. போனைக் கூடத்து ஜன்னலிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தபோதும் எழ முடியவில்லை. 'ஊருக்குப் போகணும்' என்று தாளில் எழுதிக் காட்டினாள்.

"மண் சரிஞ்சு ரோடு அடைச்சுக் கிடக்கு. அள்ளினதும் முதல் பஸ்ல ஏத்திவிடறேன்" என்றார் சாவிக்கொத்து. மருந்துக் கிண்ணத்தை வைத்துவிட்டுச் செல்லமாகக் கோபித்துக்கொண்டார். "படுத்தே இருங்கன்னா கேக்கறீங்களா? இன்னிக்குக் காலையிலயும் கூடத்துப் பக்கம் உங்க சத்தம். போன்ல அப்படி என்ன சிரிப்போ!"

அவள் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பகல் ஒன்றரை மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டே கூடத்துக்குப் போனாள். போன் ஜன்னலில் இல்லை. கரும்பலகையின் சாக்பீஸ் கட்டையில் இருந்தது. கண்ணாடி முழுக்க ஈரம். சார்ஜ் நிறைய இருந்தது.

ஒன்பது நாளில் மகளுக்கு ஒன்பது அழைப்புகள். ஒன்று, ஒரு மணி பத்து நிமிடம்.

கீழே மகளின் செய்திகள்.

'உன் குரல் இப்ப தெளிஞ்சுடுச்சு. கேக்கவே சந்தோஷமா இருக்கும்மா.'

'டிக்கெட் கிடைச்சுடுச்சு. நீ சொன்ன மாதிரியே சித்திகிட்ட காலேஜ் டூர்னு சொல்லிட்டேன்.'

'ரோடு திறந்துட்டாங்க. பஸ் ஏறிட்டேன். ரெண்டு மணிக்கு அங்க இருப்பேன்.'

ஜன்னலுக்குப் போய் 'வராதே' என்று தட்டினாள். போகவில்லை. அழைத்தாள். மணி அடிக்கவில்லை. பலகைக்குப் பின்னால் யாரோ பொறுமையாக மூச்சு விட்டார்கள்.

மணி ஒன்றே முக்கால்.

பஸ் நிற்கும் இடம் வரை முந்நூறு படிகள். சாவிக்கொத்தைத் தேட நேரமில்லை. பாசியில் வழுக்கி, முழங்கால் தேய்ந்து, எழுந்து இறங்கினாள். மூடுபனிக்குள் பஸ் நின்றிருந்தது. இறங்க வேண்டியவர்கள் இறங்கியாகிவிட்டது. போனிலிருந்த மகளின் படத்தை ஓட்டுநரிடம் நீட்டினாள். அவர் தலையாட்டி, வண்டிப்பாதையைக் காட்டினார். மகள் போனது படியில் அல்ல. சுற்றிப் போகும் பாதையில்.

திரும்ப ஏறினாள். நூறு படி. நெஞ்சு அடைத்தது. இருநூறு. வாயில் இரும்புச் சுவை. முற்றத்துக் கதவு.

முற்றத்தின் அந்தக் கோடியில் மகள். முதுகில் பை, பனியிலும் மழையிலும் நனைந்த தலை. எந்தப் பக்கம் போவது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நாற்பதடிதான்.

டீச்சர் வாயைத் திறந்தாள். காற்று.

கையைத் தட்டினாள். ஓட்டு நுனியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தத்தில் அது எடுபடவில்லை.

"இந்தப் பக்கம்டி செல்லம்! நனையாத, உள்ள வா!"

கூடத்திலிருந்து. கணீரென்று.

மகளின் முகம் மலர்ந்தது. "அம்மா!" என்று சிரித்துக்கொண்டே செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினாள்.

டீச்சர் முற்றத்தைக் கடந்தாள். வாசலில் செருப்பு. உள்ளே பை. கூடம் காலி. ஒரே வாசல். ஜன்னலில் கம்பி. ஈரக் காலடிகள் கரும்பலகை வரை போயிருந்தன. திரும்பவில்லை.

பலகையைப் பிடுங்கிக் கீழே எறிந்தாள். கல். நகம் பெயரப் பிறாண்டினாள். வெறும் கல். காதை வைத்தாள்.

"அம்மா, இங்க ரொம்ப இருட்டா இருக்கு." மகள்தான். "ஏம்மா என் கையை இப்படி அழுத்திப் பிடிக்கற?"

"பழகிடும்டி" என்றது அவளுடைய குரல்.

அவள் உள்ளங்கைகளுக்குக் கீழே, பேசுகிறவர்களின் தொண்டையைப் போல, கல் ஏறி இறங்கியது.