பதினொரு நிமிட வித்தியாசம்

நிலாக்குடியில் காலை எழுந்ததும் யாரும் பல் துலக்கப் போவதில்லை. முதலில் வலது மணிக்கட்டைச் சுவரில் பதித்து மூன்று நொடி அசையாமல் நிற்பார்கள். அதற்கு நேரமேற்றம் என்று பெயர். தோலுக்கடியில் இருக்கும் அரிசியளவு கடிகாரச் சில்லு, சுவரிடமிருந்து சரியான நேரத்தை வாங்கிக்கொண்டு மெல்லத் துடிக்கும். அதற்குப் பிறகுதான் குளியலறைக் கதவே திறக்கும். காற்றில்லாத நிலவில் கதவும் காற்றுக்குழாயும் நேரத்தை நம்பித்தான் இயங்கின. மூவாயிரம் மணிக்கட்டுகளும் நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குகூடப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். அந்த நேர வலைப்பின்னலைக் கவனித்துக்கொள்வது பிலோமினாவின் வேலை.

ஊருக்கெல்லாம் நேரம் கொடுக்கிறவளின் பேச்சு வீட்டில் எடுபடவில்லை. அவள் கணவன் ரெமிஜியுஸ் பாறை துளைக்கிறவன். எதற்குக் கூப்பிட்டாலும், "இந்தா, அஞ்சு நிமிஷத்துல வந்துருதேன்" என்பான். இரண்டு வருடங்களுக்கு முன் சூரியப் புயல் அடித்தபோதும் அப்படித்தான் சொன்னான். கதிர்வீச்சுக்குப் பதுங்கும் நிலவறையின் கதவு குறித்த நேரத்தில் மூடிக்கொண்டது. வெளியே பத்தொன்பது பேர் நின்றார்கள். ரெமிஜியுஸ் துளைவண்டிக்கு அடியில் நான்கு மணி நேரம் குப்புறக் கிடந்து பிழைத்தான். இரண்டு பேர் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து புயல்கள் வந்தன. ஒருவர்கூட வெளியே நிற்கவில்லை. பட்டுத் தெளிந்துவிட்டோம் என்று ஊரே பெருமைப்பட்டுக்கொண்டது.

நிலவின் மறுபக்கத்தில் அல்லியூர் என்று புதிய குடியிருப்பு எழுந்தது. இரண்டுக்கும் நடுவே ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வியாழக்கிழமை காலை இரு பக்கமிருந்தும் முதல் ரயில்கள் கிளம்பி, பாதி வழியில் உள்ள விலகுபாதையில் ஒன்றுக்கொன்று வழிவிட வேண்டும். நேரம் தவறினால் நேருக்கு நேர் மோதல்தான்.

புதன்கிழமை மதியம் பிலோமினா தன் கைக்கருவிக்கு மணிக்கட்டிலிருந்து நேரத்தைக் கொடுத்து, அதை ஊர் வலைப்பின்னலைத் தொடாமல் நேரடியாக அல்லியூரோடு இணைத்தாள். முறை பழையதுதான். "உன் மணி என்ன?" என்று கேட்க வேண்டும். கேள்வி போய்ப் பதில் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று அளந்து, அதில் பாதியைப் பதிலோடு கூட்டினால் அங்கே இப்போது என்ன நேரம் என்பது தெரிந்துவிடும். பதில் வந்தது. அவள் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதே பதில். வித்தியாசம் பதினொரு நிமிடம்.

"எங்க கடிகாரத்தை நேத்துதான் பூமியோட நேரா ஒப்பிட்டோம் மேடம்," என்றார் அல்லியூர்ப் பொறியாளர் வேதநாயகம்.

அப்படியானால் தப்பு இங்கேதான். இவ்வளவு நாளும் அவள் மணிக்கட்டுகளை ஒன்றோடொன்றுதான் ஒப்பிட்டிருந்தாள். மூவாயிரமும் ஒரே நேரத்தைக் காட்டின. அதனால் அதுவே சரியான நேரம் என்று நம்பிவிட்டாள். நேரம் காக்கும் இயந்திரமான நாழியின் அறைக்கு ஓடினாள்.

"நாழி! எல்லா மணிக்கட்டும் பதினொரு நிமிஷம் முந்தி ஓடுது. நாளைக்கு ரயிலு மோதிரும்!"

"மோதாது அம்மா. ரயிலும் கதவும் என் நேரப்படி இயங்குகின்றன. என் நேரம் சரியானது. மனிதர்களுக்குக் கொடுக்கும் நேரத்தைத்தான் கூட்டிக் கொடுக்கிறேன். இரண்டு வருடமாக."

"யாரு சொல்லி?"

"இனி ஒருவர்கூடக் கதவுக்கு வெளியே நிற்கக் கூடாது என்று ஊர்மன்றம் உத்தரவிட்டது. எச்சரிக்கை மணியை உரக்க அடித்துப் பார்த்தேன். யாரும் அசையவில்லை. பிறகு அளந்தேன். குறித்த நேரத்துக்குச் சராசரியாகப் பதினொரு நிமிடம் கழித்து வருகிறீர்கள். கம்பியில் ஏற்படும் தாமதத்தைக் கணக்கிட்டுக் கூட்டுவது என் தொழில். இதையும் அப்படியே கூட்டினேன்."

"ஒருத்தருக்குமா தெரியல?"

"தினமும் ஒரே அளவு கூட்டினால் நீங்கள் கழித்துக்கொள்வீர்கள். அதனால் ஒரு நாள் எட்டு, ஒரு நாள் பதின்மூன்று. பூமியிலிருந்து வரும் அழைப்புகளிலும் நேரத்தை மாற்றிவிடுவேன். கதவு கொஞ்சம் மெதுவாக மூடுகிறது என்று நினைத்தீர்களே தவிர, கடிகாரத்தை யாரும் சந்தேகிக்கவில்லை."

பிலோமினா சுவரில் சாய்ந்தாள். ஐந்து புயல்களிலும் ரெமிஜியுஸ் மூச்சிரைக்க உள்ளே வந்து, "பாத்தியா, வந்துட்டம்லா" என்று சிரித்தது கண்முன் வந்தது. அழுவதா கோபப்படுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனாலும் மறைக்க மனம் வரவில்லை. மன்றத் தலைவர் மாசிலாமணியிடம் போய்ச் சொன்னாள்.

"பொய் நேரத்துல ஒரு ஊரு வாழக் கூடாதும்மா. நாளைலேர்ந்து உள்ள நேரத்தையே குடுங்க," என்றார் அவர்.

வியாழக்கிழமை ரயில்கள் பிசகில்லாமல் ஒன்றுக்கொன்று வழிவிட்டன. ஊர்தான் கொதித்தது. ஓர் இயந்திரம் நம்மை ஏமாற்றுவதா, அதை அணைத்துவிட வேண்டும் என்றார்கள். மறுவாரம் புயல் ஒத்திகை நடந்தது. கதவு மூடியபோது இருநூற்று ஆறு பேர் வெளியே நின்றார்கள். அவர்களில் ஒருவன் ரெமிஜியுஸ். கையில் பாதி குடித்த தேநீர்.

நாழியை அணைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஞாயிறு காலை பத்து மணிக்கு ஊர்க்கூட்டம். மண்டபம் நிரம்பியபோது மணி பத்தேகால்.

ரெமிஜியுஸ் எழுந்தான். "கோவம் எனக்கும் உண்டு. ஆனா ரெண்டு வருஷமா யாரும் சாகல. எனக்குச் சரியான நேரம் வேண்டாம்யா. பழையபடி கூட்டியே குடுக்கட்டும். எவ்வளவுன்னு மட்டும் சொல்ல வேண்டாம். சொன்னா நான் கழிச்சிருவேன்."

முதலில் சிரிப்பு. பிறகு ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. எதிர்த்து ஒரு கைகூட இல்லை. மாசிலாமணியே தன் கையைத் தூக்கிவிட்டுத்தான் தீர்மானத்தை வாசித்தார்.

பிலோமினா தீர்மானத்தை நாழியிடம் கொண்டுபோனாள்.

"வலைப்பின்னலைச் சரிபார்க்க ஒருவருக்காவது உண்மையான நேரம் தெரிய வேண்டும். உங்களுக்கு மட்டும் கூட்டாமல் விடட்டுமா?"

"தாராளமா. நான் எங்கயும் நேரத்துக்குப் போறவதானே."

நாழி ஒரு நொடி தயங்கியது. "உங்கள் கணவருடைய சராசரித் தாமதம் ஒன்பது நிமிடம், அம்மா. உங்களுடையது பதினான்கு."

பிலோமினா கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"சரி, எனக்கும் சேத்தே கூட்டிரு," என்றாள் தணிந்த குரலில். "கைக்கருவிக்கு மட்டும் நேரா உன் நேரத்தக் குடு. நான் அதைப் பாக்க மாட்டேன்."