கடைசி நான்கு நிமிடங்கள்

“கொஞ்சம் உட்காருங்க... பேரு ஓடுது.”

இருட்டில் வந்த குரல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. குறும்பட விழாவின் முதல் படம். கதை முடிந்ததும் வழக்கம்போல எழுந்துவிட்டாள். ஒன்பது வருடமாகப் பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவள்... நடுவராக வந்த இடத்தில் அவளுக்கே பாடமா?

“படம்தான் முடிஞ்சிடுச்சே, சார்?”

“லைட் போட்டவர் பேரு இன்னும் வரலைங்க. பாவம், அவங்க அம்மா எங்கயாவது உட்கார்ந்து காத்துட்டிருப்பாங்க.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கு எரிந்ததும் திரும்பிப் பார்த்தாள். அவனும் நடுவர்தான், வானொலியில் சினிமா பற்றிப் பேசுகிறவன். பெரிய, அமைதியான கண்கள்... அவளை முன்பே எங்கோ பார்த்தது போல அவை ஒரு கணம் தயங்கின.

அடுத்த இரண்டு நாளும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவளுக்கு அவன் ‘ரேடியோ’. அவனுக்கு அவள் ‘அவசரம் மேடம்’. மதிப்பெண் தாளை ஒருவருக்கொருவர் காட்டக் கூடாது என்பது விதி. அவன் எட்டிப் பார்ப்பான். அவள் கையால் மறைப்பாள். வீட்டுக்குப் போனாலும் அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை.

மூன்றாம் நாள் இடைவேளையில், வெளியே மழை. தேநீரோடு ஜன்னலோரம் நின்றார்கள்.

“இவ்வளவு பேசறீங்களே, நீங்களே ஒரு படம் எடுக்க வேண்டியதுதானே?” என்று சீண்டினாள்.

“எடுத்தேனே. இருபத்துநாலு நிமிஷம். ஏழு வருஷம் ஆச்சு.” சிரித்தான். “பத்திரிகையில ஒரே ஒரு வரி வந்துச்சு. ‘இயக்குநருக்குக் கதையை முடிக்கத் தெரியவில்லை.’ அப்பா அதை வெட்டி, எங்க மூக்குக்கண்ணாடிக் கடையில கல்லாவுக்குப் பின்னாடி ஒட்டிட்டார். ‘முடிக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா சினிமா, கடையைப் பாரு’ன்னு. எனக்கும் ரோஷம்... அதுக்கப்புறம் கேமராவைத் தொடவே இல்லை.”

அவள் தேநீர்க் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அது அவள் எழுதிய வரி. அந்த விமர்சனப் பத்தியில் எழுதியவர் பெயர் போடுவதில்லை. வாயை மூடிக்கொண்டால் அவனுக்குத் தெரியவே போவதில்லை. நாளையும் இப்படியே சிரிப்பான்... சொல்லிவிட்டால்?

அன்றைய கடைசிப் படம் முடிந்தது. பெயர்கள் ஓடின. அவள் எழவில்லை. அரங்கம் காலியான பிறகும் எழவில்லை.

“என்ன மேடம், இன்னைக்கு அவசரம் இல்லையா?”

“அந்த வரியை எழுதினது நான்தான். உங்க படத்தோட கடைசி நாலு நிமிஷத்தை நான் பார்க்கவே இல்லை. மழை வர்ற மாதிரி இருந்துச்சு. கையில குடை இல்லை... முடியறதுக்குள்ள எழுந்து போயிட்டேன். பார்க்காத முடிவைப் பத்தி எழுதிட்டேன். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் வரலை.”

அவன் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நீங்க எழுந்து போனது தெரியும்,” என்றான் மெதுவாக. “எழுதினது நீங்கன்னுதான் தெரியாது. அன்னைக்கு நான் கதவுப் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். நீங்க உள்ளே வரும்போதே உங்களைப் பார்த்தேன்... படம் முடிஞ்சதும் வந்து பேசணும்னு மனசுக்குள்ள ஒத்திகையே பார்த்தேன். நீங்க என்னைத் தாண்டித்தான் போனீங்க. கூப்பிடத் தைரியம் வரலை. என் கையில குடை இருந்துச்சுங்க.”

அவள் அழுதுவிட்டாள். ஏழு வருடம்... ஒரு குடை தூரத்தில் போய்விட்டது.

வாசலில் மழை விட்டபாடில்லை. அவன் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தான். அவன் தோள் ஒரு பக்கம் நனைந்துகொண்டிருந்தது.

“உங்களைப் பிடிச்சிருக்கு... அன்னைக்கே பிடிச்சுது. கோபமும் இருக்கு, அது போக நாளாகும்,” என்றான். “அதுவரைக்கும் நனையாம வாங்க.”